நாமக்கோழியில் தொடங்கு

அன்புள்ள கோமதி,

கடிதம் கிடைத்தது. வேளச்சேரிக்கே குடிவந்துவிட்டாய் என்பதும், ஆபீஸ் தோழிகள் நாலு பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கக் கிளம்பப் போகிறீர்கள் என்பதும் படித்துச் சந்தோஷப்பட்டேன். எந்த பைனாகுலர், எந்த இடம், எந்த நேரம் என்று கேட்டிருக்கிறாய். நான் இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

வாரம் ஒன்றாக வேடந்தாங்கல், பழவேற்காடு, கேளம்பாக்கம், கிண்டி என்று திட்டம் போட்டிருக்கிறாயே, அதைக் கிழித்துப் போடு. இந்த சீசன் முழுக்கப் பள்ளிக்கரணைக்கு மட்டும் போங்கள். புது இடம் என்றால் ஒவ்வொரு முறையும் எல்லாப் பறவையும் புதிது. வீட்டுக்கு வந்ததும் பாதி மறந்துபோகும். ஒரே தண்ணீரை வாராவாரம் பார்த்தால்தான் எது வந்தது, எது போனது, ஏன் போனது என்று பிடிபடும். உன் வீட்டிலிருந்து ஆட்டோ தூரத்தில் அப்படி ஒரு இடம் இருக்கிறது. 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், ஏறிய சதுப்பு நிலம், 1,247 ஹெக்டேர். சாலையில் நின்றால் தெரிவது அதில் ஒரு துண்டுதான். அந்தத் துண்டே உங்களுக்கு ஒரு வருஷத்துக்குக் காணும்.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது பறவையை அல்ல, தண்ணீரின் ஆழத்தை. கொசு உள்ளானுக்கு விரற்கடை ஆழமும் சேறும் வேண்டும். பவளக்கால் உள்ளான் ஒரு சாண் வரை நின்று மேயும். ஊசிவால் வாத்து தலையைக் கீழே விட்டு வாலைத் தூக்கி, கழுத்து எட்டும் ஆழம்வரை துழாவும். முக்குளிப்பானுக்கு முங்குகிற அளவு இருந்தால்தான் சரி. ஆக, தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்தால் என்ன இருக்கும் என்பதில் பாதி தெரிந்துவிடும். சுற்றுவட்டார ஏரிகளின் உபரி நீரெல்லாம் இங்கே இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காட்டில் கடலைச் சேர்கிறது. அதனால் உன் தெருவில் மழை விட்டு நாலு நாள் ஆன பிறகும் இங்கே மட்டம் உயர்ந்தபடி இருக்கும். பெருமழைக்கு அடுத்த ஞாயிறு போய்விட்டு, "ஒன்றுமே இல்லை" என்று திரும்புகிறவர்கள் நிறைய. உள்ளான்கள் நிற்க இடமில்லாமல் வேறு பக்கம் போயிருக்கும், அவ்வளவுதான்.

காலக்கணக்கு இப்படி. செப்டம்பர், அக்டோபரில் வலசை உள்ளான்கள் வந்து இறங்கும். நவம்பர், டிசம்பரில் தண்ணீர் நிறைந்து வாத்துகள் சேரும். ஜனவரியிலிருந்து மட்டம் இறங்க இறங்கச் சேறு தெரியும், கூட்டம் கூடும். என்னைக் கேட்டால் ஜனவரி பாதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரைதான் பள்ளிக்கரணையின் நல்ல காலம். அக்டோபரில் வரும் ஆண் வாத்துகளைப் பார்த்து ஏமாறாதே. இனப்பெருக்கம் முடிந்து இறகு உதிர்த்த கையோடு வருவதால் அவையும் பெட்டைகளைப் போலவே பழுப்பாக இருக்கும். படத்தில் உள்ள வண்ணம் டிசம்பர் வாக்கில்தான் ஏறும். பலர் அந்த மாதங்களில் புத்தகத்தையே சந்தேகப்படுகிறார்கள்.

நிற்கும் இடமும் முக்கியம். துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் சாலை சதுப்பின் குறுக்கே கிழக்கு மேற்காகப் போகிறது. குளிர்காலத்தில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால், காலையில் அந்தச் சாலையிலிருந்து வடக்கே பார்த்தால் வெளிச்சம் உன் முதுகுப் பக்கம் இருக்கும். பறவையின் நிறம் தெரியும். தெற்கே பார்த்தால் எல்லாம் கறுப்பு உருவம். வேளச்சேரி – தாம்பரம் சாலை சதுப்பின் மேற்கு ஓரம். காலையில் அங்கே நின்றால் சூரியன் நேரே கண்ணில் குத்தும், பைனாகுலர் வழியாகத் தவறிக்கூடச் சூரியனைப் பார்த்துவிடக் கூடாது. அந்தப் பக்கத்தை மாலை நாலரைக்கு மேல் வைத்துக்கொள். காலை என்றால் ஆறேகாலுக்கு நின்றுவிட வேண்டும். ஒன்பதுக்கு மேல் கானல் ஆடத் தொடங்கும். தூரத்துப் பறவை நெளியும், எவ்வளவு விலை லென்ஸும் அதைச் சரி செய்யாது.

ரேடியல் சாலையில் லாரி வேகமாகப் போகும். வண்டியைச் சாலையோரம் நிறுத்தாமல் தள்ளி விட்டுவிட்டு நடந்து வாருங்கள். நடைபாதைக்கு உள்ளேயே நில்லுங்கள், டிரைபாட் கால் வெளியே நீளக் கூடாது. காற்று திரும்பினால் பெருங்குடி குப்பைமேட்டு வாடை தாங்காது. ஒரு துணி முகமூடி பையில் கிடக்கட்டும். கரையிலிருந்து சதுப்புக்குள் இறங்கவே கூடாது. அது வனத்துறையின் காப்புக்காடு. அதோடு முழங்கால் வரை இழுக்கும் சேறு, அதற்குள் கண்ணாடிச் சில்லு.

முதல் மாதம் புத்தகத்தின் எல்லாப் பக்கத்தையும் புரட்டாதீர்கள். மூன்று கறுத்த கோழிகளையும் மூன்று வெள்ளைக் கொக்குகளையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற அளவுக்குப் பழகுங்கள். உடம்பு கரிக்கறுப்பு, நெற்றியும் அலகும் பளிச்சென வெள்ளை என்றால் நாமக்கோழி. நெற்றி சிவப்பு, அலகு நுனி மஞ்சள், விலாவில் வெள்ளைக் கோடு என்றால் தாழைக்கோழி. பெரிதாக, ஊதா நீலமாக, தடித்த சிவப்பு அலகோடு கோரையில் நடந்தால் நீலத் தாழைக்கோழி. கொக்குகளில் சின்னக் கொக்குக்குக் கறுப்பு அலகு, மஞ்சள் பாதம். சேற்றில் நிற்கும்போது பாதம் தெரியாது, பறக்க எழும்வரை காத்திரு. நடுத்தரக் கொக்கையும் பெரிய கொக்கையும்தான் எல்லோரும் குழப்புவார்கள். உயரத்தை வைத்துச் சொல்லாதே, தனியாக நின்றால் எதுவும் பெரிதாகத்தான் தெரியும். வாய்க்கோடு எங்கே முடிகிறது என்று பார். கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரம், கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரியது. இந்த ஆறும் வசமானால் மற்றவற்றை இவற்றோடு ஒப்பிட்டே பிடித்துவிடலாம். பூநாரை கட்டாயம் காட்ட வேண்டும் என்று உன் தோழிகள் கேட்பார்கள். தண்ணீர் சரியாக இருந்தால் அதுவே வந்து நிற்கும்.

இனி பைனாகுலர். 8x42 வாங்கு. எட்டு மடங்கு உருப்பெருக்கம், முன்கண்ணாடி 42 மி.மீ. கடைக்காரர் "பத்து மடங்கு, இருபது மடங்கு" என்று தள்ளுவார், அசையாதே. பெருக்கம் கூடக் கூடக் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும், பார்வைப் பரப்பு சுருங்கும்; பறக்கும் பறவையைக் கண்ணாடிக்குள் கொண்டுவரவே முடியாது. 42ஐ எட்டால் வகுத்தால் ஐந்தே கால் வருகிறதல்லவா, கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் அத்தனை மி.மீ. விடியல் வெளிச்சத்துக்கு அது தாராளம். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்வளையத்தைக் கீழே இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். போடாதவர்கள் மேலே ஏற்ற வேண்டும். இதைச் செய்யாமல் "ஓரமெல்லாம் இருட்டாக இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

வாங்கியதும் கண்ணுக்குப் பொருத்து. முதலில் இரண்டு குழாயையும் மடக்கி விரித்து ஒரே வட்டமாகத் தெரியும்படி வை. வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, இடது கண்ணால் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து நடுச்சக்கரத்தால் கூர்மையாக்கு. பிறகு இடதை மூடி, அதே பலகையை வலது கண்ணால் பார்த்து, வலது கண்பக்கம் உள்ள சின்ன வளையத்தை மட்டும் திருப்பு. அந்த வளையத்தின் எண்ணைக் குறித்து வைத்துக்கொள், இரவல் போய்வந்தால் மாறியிருக்கும். பார்க்கும்போது கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வர வேண்டும். குனிந்து கருவியைப் பார்த்தால் பறவை தொலைந்தது. வீட்டு மொட்டைமாடியில் காகத்தை வைத்துப் பழகு.

நாலு பேரும் ஆளுக்கொரு விலையுயர்ந்த பைனாகுலர் வாங்குவதைவிட, நடுத்தர விலையில் வாங்கிவிட்டு மிச்சத்தில் பொதுவாக ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது டிரைபாடில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி, வாங்குவது புத்திசாலித்தனம். கண்பகுதி சாய்வாக உள்ளதாகப் பார். நேராக உள்ளதில் ஒவ்வொருத்தி உயரத்துக்கும் டிரைபாடை ஏற்றி இறக்கியே காலை போய்விடும். 20–60 மடங்கு என்று போட்டிருந்தாலும் இருபத்தைந்துக்கு மேல் போகாதே. அறுபதில் தெரிவது கானல் மட்டும்தான்.

பட்டியல் எழுத ஈபேர்ட் செயலி போதும். ஒரே இடத்தில் பதினைந்து நிமிஷம் நின்று ஒரு பட்டியல், அப்புறம் நகர்ந்து இன்னொன்று. "முழுப் பட்டியலா" என்று கேட்கும். அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதியிருந்தால்தான் ஆம் போடலாம்; காகம், மாடப்புறா, மைனாவும் சேர்த்தி. அரியதை மட்டும் எழுதுகிற பட்டியலால் யாருக்கும் பயனில்லை, பத்து வருஷம் கழித்துக் குறையப் போவது எது என்று இன்றைக்குத் தெரியாது. டீக்கடைக்கு நடக்கும் முன் பட்டியலை நிறுத்திவிடு. இல்லையென்றால் கடைக்குப் போன தூரமும் பறவை பார்த்த தூரமாகப் பதிவாகும். கூட்டத்தை எண்ண ஒரு வழி: பத்து பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள். அந்த அளவை இடமிருந்து வலமாக நகர்த்தி நகர்த்தி எண்ணு. நாலு பேரும் தனித்தனியாக எண்ணி, பிறகு வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலில் ஒருத்தி சொல்லிவிட்டால் மற்ற மூவரும் அதையேதான் எண்ணுவீர்கள். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், அதற்குள் கை பழகிவிடும்.

ஐந்தாவது ஆளைச் சேர்க்காதீர்கள். நாலு வரை பறவை பார்க்கும் குழு, அதற்கு மேல் பேச்சுக் கச்சேரி. செல்போனில் பறவையின் குரலைப் போட்டு அழைப்பது வேண்டாம். எதிராளி வந்துவிட்டான் என்று நினைத்து அது மேய்ச்சலை விட்டு அலையும். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி சொன்னதைக் கண்ணால் பார்க்காமல் எழுதவும் வேண்டாம், நம் ஊர் இரைச்சலில் அது எதையெதையோ சொல்லும்.

வேடந்தாங்கலை ஜனவரிக்கு வைத்துக்கொள். இரை தேடப் போனவை கூடு திரும்பும் நாலு மணிக்கு மேல் ஏரிக்கரையில் நின்றால் போதும். ஞாயிறு கூட்டம் தாங்காது, சனிக்கிழமை போ. கேளம்பாக்கம் கழிவெளி முட்டுக்காட்டு முகத்துவாரத்தைப் பொறுத்தது. முகம் மணலால் அடைபட்டுத் தண்ணீர் தேங்கியிருந்தால் சேற்றுத்திட்டு இருக்காது, போய்ப் பயனில்லை.

இன்னொன்று, இது வீட்டிலேயே நடக்கலாம். அக்டோபரில் வலசை வரும் ஆறுமணிக்குருவி, களைத்துப்போய்ச் சென்னை வீடுகளுக்குள் வந்து விழுவதுண்டு. பச்சை, நீலம், வயிற்றடியில் சிவப்பு, குட்டை வால். காகம் துரத்தும். வந்தால் மெல்லிய துணியால் மூடி எடுத்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான அறையில் விடு. வாயில் தண்ணீர் ஊற்றாதே, மூச்சுக்குழாயில் போய்விடும். சோறும் ஊட்டாதே. இரண்டு மூன்று மணி நேரத்தில் தேறிவிட்டால், காகம் அடங்குகிற அந்தி நேரத்தில் மரஞ்செடி அடர்ந்த இடத்தில் பெட்டியைத் திறந்து வை. இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லிவிடு.

முதல் ஞாயிற்றின் பட்டியலை அப்படியே அனுப்பு, அடையாளம் தெரியாததையும் "தெரியவில்லை" என்றே எழுதி. உங்கள் நால்வரில் மூக்குக்கண்ணாடி யார் யாருக்கு என்றும் எழுது. 8x42இல் எந்த மாடல் என்று அதன்பிறகு சொல்கிறேன்.

அன்புடன்,
வசந்தா

பி.கு.: பைனாகுலரைத் தோலுறையில் வைத்துப் பீரோவுக்குள் பூட்டாதே. சென்னை ஈரத்துக்கு ஒரே மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் போட்டு வை. நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று அதுவே காட்டும்.