மூலக் கோப்பை அழிக்காதீர்கள்: கொழும்பிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களுக்கும் எண்ணிமப்படுத்தல் பிரிவில் வேலை செய்யும் அனைவருக்கும்,

வணக்கம். நான் எடுத்து உங்களிடம் ஒப்படைத்த கோயில் விதானப் படங்கள் பற்றி உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றும் உங்கள் காரியாலயத்தில் இருக்கும் என்பதால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. போன மாதம் நீங்கள் அனுப்பிய படத்தைத் திறந்து பார்த்த பிறகுதான், இந்த முறை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுவது என்று முடிவு செய்தேன்.

நான் கேட்டது, மிக இருட்டிலிருந்து மிகப் பிரகாசம் வரை எல்லா வெளிச்சத்தையும் வைத்திருக்கும் ஈஎக்ஸ்ஆர் கோப்பு. வந்தது ஜேபெக் (ஜேபிஜி) என்ற சாதாரணப் படக் கோப்பு. விளக்கு இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டு, விதானம் இருந்த இடத்தில் கறுப்பு. கோப்புகள் பெரிதாக இருந்ததால் எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம், மூலப் பிரதிகள் இப்போது இல்லை என்று கீழே இரண்டு வரி. தொலைபேசியில் கேட்டபோது, "திரையில் படம் தெரிகிறதுதானே, பிறகென்ன?" என்றார்கள்.

என்ன தெரியவில்லை என்று சொல்கிறேன். 2019 தை மாதம், கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில். அர்த்தசாமப் பூசை முடிந்துவிட்டது. "தம்பி, கெதியா எடும், நடை சாத்தவேணும்" என்று சொன்ன ஐயர், சுடர் ஆடக்கூடாது என்று தானே போய் மின்விசிறியை நிறுத்தினார். பிறகு ஒரே ஈஎக்ஸ்ஆர் கோப்பாகச் சேர்ப்பதற்காக, கமராவை முக்காலியில் வைத்து ஏழு படங்கள் எடுத்தேன். முதல் படம் 1/500 செக்கன், கடைசிப் படம் 8 செக்கன். ஒவ்வொன்றிலும் முந்தியதைவிட நான்கு மடங்கு வெளிச்சம். முதல் படத்தில் சுடரும் திரியும் மட்டும்தான், மற்றதெல்லாம் இருட்டு. கடைசிப் படத்தில்தான் விதானம் வந்தது. புகை படிந்த தாமரை, அதைச் சுற்றிக் கிளிகள், உத்திரத்தை ஒட்டிய மூலையில் விரல்நகம் அளவு எழுத்தில், சிவப்பில், அதை வரைந்தவரின் பெயர். கமராத் திரையில் அதைப் பெரிதாக்கிக் காட்டியதும் ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இது இஞ்ச இருந்ததே எனக்குத் தெரியாது" என்றார்.

அந்த விதானம் இன்று இல்லை. கும்பாபிஷேகத் திருப்பணியில் புதிதாக வர்ணம் பூசிவிட்டார்கள். கோயிலைக் குறை சொல்ல மாட்டேன், அது வழிபாடு நடக்கிற இடம், திருப்பணி நடக்கத்தான் வேண்டும். அதனால்தான் 2021இல் எல்லாவற்றையும் உங்களிடம் கொண்டுவந்து தந்தேன். அடுத்த ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் என் வீட்டு டிஸ்க் போனபோதுகூட, உங்களிடம் ஒரு பிரதி இருக்கிறது என்றுதான் நிம்மதியாக இருந்தேன். அந்தப் பெயரின் முதல் எழுத்து 'சி' என்பது மட்டும்தான் எனக்கு ஞாபகம். மீதியை நான் மனப்பாடம் செய்யவில்லை. கோப்பில் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

மாற்றுவதற்குப் பயன்படுத்திய கட்டளையை உங்கள் அலுவலர் ஒருவர் மறைக்காமல் எனக்கு அனுப்பினார். அவருக்கு உண்மையிலேயே நன்றி. பிழை எங்கே என்று அதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. பிஎஃப்எஸ்டூல்ஸ் என்பது இப்படியான படங்களைக் கையாளும் கட்டளைத் தொகுப்பு. அதில் படத்தை வாசிக்க பிஎஃப்எஸ்இன், எழுத பிஎஃப்எஸ்அவுட், இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. எந்த வடிவத்தில் எழுதுவது என்பதைக் கோப்புப் பெயரின் பின்னொட்டை வைத்தே அது முடிவு செய்யும். ஈஎக்ஸ்ஆர் இருந்த இடத்தில் ஜேபிஜி என்று போட்டால் அதுவும் ஓடி முடியும், ஒரு கோப்பும் கிடைக்கும். ஆனால் நடுவில் டோன் மேப்பிங் செய்யும் கட்டளை, அதாவது பரந்த வெளிச்ச வீச்சைத் திரைக்கு ஏற்றபடி சுருக்கும் கட்டளை ஒன்று இருந்திருக்க வேண்டும். அது இல்லாததால் திரையின் உச்ச வெள்ளையான 1 என்ற அளவைத் தாண்டிய வெளிச்சம் எல்லாம் ஒரே வெள்ளையாக வெட்டுப்பட்டுவிட்டது, இருண்ட பக்கம் முழுவதும் கறுப்பில் அமுங்கிவிட்டது. எனது 214 படங்களுக்கும் இதுதான் நடந்திருக்கிறது.

சரி, டோன் மேப்பிங்கை ஒழுங்காகச் செய்திருந்தால் மூலத்தை அழிக்கலாமா? அப்போதும் கூடாது. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 2003இல் ஐஎல்எம் என்ற திரைப்பட விசேட காட்சி நிறுவனம் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட ஓப்பன்ஈஎக்ஸ்ஆர் (அதுதான் ஈஎக்ஸ்ஆர்) வடிவம் 16 பிட் மிதவைப் புள்ளி எண்களில் 30 ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) வரை குறையில்லாமல் வைத்திருக்கும். என் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் உள்ள இடைவெளியே 12 ஸ்டொப். இதற்கெல்லாம் முன்பே கிரெக் வார்டு உருவாக்கிய ரேடியன்ஸ் என்ற கோப்பு வடிவத்தில் வைத்திருந்தாலும் போதும், ஜேபெக்கைவிட ஆயிரம் மடங்கு மேல். பல வெளிச்ச அளவுகளில் எடுத்த படங்களைச் சேர்த்து உண்மையான ஒளி அளவை மீட்கும் வழியை டெபெவெக், மாலிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997இலேயே எழுதிவிட்டார்கள். இதில் புதுமை எதுவும் இல்லை.

அந்த டோன் மேப்பிங் கட்டளைகளின் பெயரையே பாருங்கள்: ரைன்ஹார்ட்02, டிராகோ03, மான்டியுக்06. ஆண்டு பெயரிலேயே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இன்னும் நல்ல வழியொன்று வந்துகொண்டே இருக்கிறது. மூலம் கையில் இருந்தால் அதே விதானப் படத்தை நாளைக்கு வருகிற வழியில் மறுபடி திரைக்கு மாற்றிப் பார்க்கலாம். ஜேபெக்கிலிருந்து திரும்பிப் போக வழியில்லை.

இடம் போதவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரு ஈஎக்ஸ்ஆர் கோப்பு ஏறத்தாழ 80 எம்பி. 214 படங்களுக்கும் சேர்த்து 17 ஜிபி. புறக்கோட்டையில் நடைபாதையில் விற்கிற 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் அடங்கி இன்னும் இடம் மிஞ்சும். இந்தக் காரணத்தை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை ஒவ்வொரு ஆண்டும் நினைவுகூர்கிற சமூகம் நாம். எரித்தவர்களை இன்றும் மன்னிக்காத நாம், மிஞ்சியிருப்பதை நம்முடைய கையாலேயே அழித்துவிட்டு இடம் மிச்சம் என்று கடிதம் எழுதுகிறோம். விழாவுக்கு மேடை போடக் காசு இருக்கிறது, நினைவு மலர் அச்சடிக்கக் காசு இருக்கிறது, ஒரு டிஸ்க் வாங்க மட்டும் இல்லையா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரிவில் எத்தனை பேர், எவ்வளவு வேலை என்பது எனக்குத் தெரியும்.

கேட்பது ஒன்றுதான். மூலக் கோப்பை அழிக்காதீர்கள். யார் கொண்டுவந்து தந்தாலும் கமரா பதிந்தபடியே இருக்கும் ரோ படங்களையும் ஈஎக்ஸ்ஆரையும் அப்படியே வைத்திருங்கள். பார்வைக்கு வேண்டுமானால் ஜேபெக் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், அதை எடுத்த கட்டளையையும் ஒரு உரைக் கோப்பில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். நான்கு வரி கூட வராது. பின்னால் வருகிறவருக்கு என்ன நடந்தது என்று அதைப் பார்த்தாலே தெரியும். ஸ்க்ரிப்டைத் திருத்தித் தர ஒரு சனிக்கிழமை நானே வருகிறேன், காசு எதுவும் வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று. நான் தந்த டிஸ்க் சின்னது, கறுப்பு நிறம். அதன் மேல் வெள்ளை ரேப் ஒட்டி, நீலப் பேனாவால் 'விதானம் 1' என்று எழுதியிருக்கிறேன். அதை எனக்குத் திருப்பித் தரவில்லை, வேறு யாருக்கும் கொடுத்ததாகவும் நீங்கள் சொல்லவில்லை. தயவுசெய்து ஒருமுறை லாச்சிகளைத் திறந்து தேடிப் பாருங்கள். கிடைத்தால் அதில் எதையும் எழுத வேண்டாம், ஃபோமட் செய்ய வேண்டாம். அழித்த கோப்புகளில் ஒன்றிரண்டையாவது மீட்க முடியலாம். எனக்கு ஒரு அழைப்பு எடுங்கள், அன்றைக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு படப்பிடிப்பாளர்