ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வயல் கேட்கிறேன்

பெங்களூரு நிறுவனங்களில் சமூகப் பொறுப்பு நிதியைப் பங்கிடும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பலரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் வேலை என்ன என்று தெரியும். எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ இருந்துகொண்டு, கம்பெனி லாபத்தில் சட்டப்படி ஒதுக்க வேண்டிய இரண்டு சதவீதத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறீர்கள். பொங்கலுக்கு தர்மபுரிக்கோ திருவண்ணாமலைக்கோ பஸ் பிடிக்கிறீர்கள். உங்களில் பலருடைய அப்பா அல்லது தாத்தா ஏர் பிடித்தவர். அதனால்தான், எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோகும் மலையூர்ப் பெண் பிள்ளைகளுக்கு வயலோடு ஒரு விடுதி கேட்டு, இதைத் தமிழில் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரி. என் அம்மா விடியற்காலை பஸ்ஸில் கீரைக்கட்டு ஏற்றிக்கொண்டு கலாசிபாளையம் மார்க்கெட்டுக்கு வந்து விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார். இப்போது பெங்களூருவில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ஜாபுரம் சாலையில் கட்டட வேலை செய்யும் குடும்பங்கள் தங்கியிருக்கிற தகர ஷெட்டுகளுக்குப் போய் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். அங்கே வரும் பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் எட்டாம் வகுப்போடு நின்றவர்கள்.

அவர்களில் ஒருத்தி அஞ்செட்டி மலைப்பக்கத்துப் பெண். பதினைந்து வயது. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அம்மா அப்பாவோடு வந்துவிட்டாள். ஒரு நாள் கன அளவுக் கணக்கு போட்டேன். ஒரு ஏக்கர் நிலத்தில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் எத்தனை லிட்டர் தண்ணீர்? நோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சரி, கணக்கை விடு, அவ்வளவு மழை பெய்தால் நிலம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். உடனே நிமிர்ந்தாள். "அது ஒரு உழவு மழை டீச்சர். மண்ணுல விரலை விட்டுப் பார்த்து, ஈரம் இறங்கியிருந்தா மறுநாளே ஓட்டிடலாம்" என்றாள்.

அங்கிருந்து தொடங்கினோம். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 4,047 லிட்டர். இருபத்தைந்தால் பெருக்கினால் ஒரு லட்சம் லிட்டரைத் தாண்டுகிறது. எதிரே இருக்கும் அடுக்குமாடிக்கு தினமும் டேங்கர் லாரி வருவதைப் பார்க்கிறவள் அவள். டேங்கருக்கு 12,000 லிட்டர் என்று சொன்னதும் அவளே வகுத்து, "எட்டு டேங்கருக்கு மேல வருது" என்றாள். ஒரு உழவு மழைக்குள் எட்டு டேங்கர் இருப்பதை அவள் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தாள். எட்டு வருடம் பள்ளிக்குப் போன பிள்ளை. அவளுக்குத் தெரிந்ததிலிருந்து கணக்கைத் தொடங்கலாம் என்று இந்த எட்டு வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லையே என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கட்டாயக் கல்விச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வயது வரைக்கும்தான். 2009-இல் சட்டம் வந்தபோதே கோடு அங்கே போடப்பட்டுவிட்டது. எங்கள் மலையூர்களில் எட்டாம் வகுப்பு முடிந்ததும் உயர்நிலைப் பள்ளி தூரமாகிவிடுகிறது. காட்டு வழி. கேழ்வரகு கதிர் பிடிக்கிற காலத்தில் யானை இறங்கும். வயசுக்கு வந்த பெண்ணை அந்த வழியில் அனுப்ப எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? அதே நேரம் வயலில் ஆள் வேண்டும். பையன் விடுதியில் சேர்ந்து படிப்பான், பெண் களை எடுப்பாள். அப்புறம் கல்யாணப் பேச்சு வரும். பதினெட்டு ஆகவில்லையே என்று கேட்டால், ஊரில் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அந்தப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியை ஒட்டி, நாற்பது பெண் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி. இரண்டு ஏக்கர் நிலம், குத்தகைக்கு. யானைக்கும் பன்றிக்கும் தாங்கும் வேலி, ஒரு கிணறு, நாலு கறவை மாடு. வேளாண்மை படித்த ஓர் ஆசிரியை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே அதே பாடத்தைப் படித்து அதே பொதுத்தேர்வு எழுதுவார்கள். அறிவியலும் கணக்கும் மட்டும் வயலில் தொடங்கும்.

இதை ஒரு நிறுவனத்திடம் முன்பே கேட்டுப் பார்த்தேன். பெயர் வேண்டாம். "நாற்பது பேர்தானா மேடம், நான்காயிரம் பேருக்குப் போகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்" என்றார்கள். கடைசியில் டேப்லெட் கொடுத்தார்கள். சிக்னல் இல்லாத ஊரில் அவை தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. கொடுத்தவர்கள் நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் டேப்லெட்டால் பயன் பெற்றவர்கள் என்று பட்டியலில் எண்ணப்பட்ட பெண் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒன்பதாம் வகுப்புக்குப் போனார்கள் என்று யாரும் திரும்பி வந்து பார்க்கவில்லை.

இதைப் படிக்கும்போதே உங்களில் சிலருக்கு ஒரு சொல் நினைவுக்கு வந்திருக்கும். குலக்கல்வி. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அது வந்தே தீர வேண்டும், வராவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். 1953-இல் ராஜாஜி ஆட்சியில், பிள்ளைகள் அரை நாள் பள்ளியில் படித்துவிட்டு மீதி நேரம் அப்பனின் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. பெரியார் தெருவில் இறங்கினார். அடுத்த ஆண்டே காமராஜர் முதலமைச்சரானதும் அந்தத் திட்டம் போனது. போனதால்தான் என் வீட்டில் என் தலைமுறை பள்ளிக்கூடம் பார்த்தது. என் அப்பாவுக்கு எழுதத் தெரியாது. அதை நான் மறந்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

அந்தத் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, பிள்ளையைச் சாதித் தொழிலுக்குத் திருப்பி அனுப்பியது. நான் கேட்கும் இடத்தில் பள்ளி நேரம் ஒரு நிமிடமும் குறையாது. எந்தச் சாதிப் பெண்ணும் வரலாம், எல்லோருக்கும் ஒரே மண், ஒரே மண்வெட்டி. சாணி அள்ளுவது ஒருத்தி, கணக்கு எழுதுவது இன்னொருத்தி என்று பிரிந்தால் அந்த நாளே இழுத்து மூடிவிடலாம். இன்னொன்று. படித்து முடித்தவள் விவசாயம்தான் செய்ய வேண்டும் என்று எவரும் சொல்லக் கூடாது. நர்ஸாகட்டும், வக்கீலாகட்டும், உங்களைப் போல ஒயிட்ஃபீல்டுக்கு வரட்டும். வேளாண்மையே பிடித்துப்போனால் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021 முதல் வேளாண் படிப்புக்கும் உண்டு. அந்தக் கதவு இருப்பதே எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரியாது.

வயலில் அப்படி என்ன பாடம் இருக்கிறது என்று கேட்டீர்களானால், எனக்கு நேரம் போவதே தெரியாது. விதை நெல்லைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி உண்டு. வாளித் தண்ணீரில் ஒரு நல்ல முட்டையைப் போட்டால் அது மூழ்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் மேலே வந்து, காலணா அளவுக்குத் தலை காட்டும். அப்போது நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், திரண்ட விதை அடியில் தங்கும். அடர்த்தி என்ற பாடத்தை நான் இருபது வருடமாகக் கரும்பலகையில் நடத்துகிறேன். அந்த வாளிக்கு முன்னால் உட்கார்ந்த பிள்ளைக்கு அதை இரண்டாவது முறை சொல்லத் தேவையிருக்காது. ஈரச் சாக்கில் நூறு விதையைச் சுருட்டி வைத்து முளைத்ததை எண்ணினால் சதவீதம். பால்மானியை இறக்கினால் மறுபடி அடர்த்தி. சொட்டுநீர்க் குழாயில் மணிக்கு 4 லிட்டர் விடும் துளைகள் எத்தனை, மோட்டார் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்றால் விகிதம். கேழ்வரகுக்கு நடுவே அவரையை ஏன் சால் விட்டார்கள் என்று பாட்டியிடம் கேட்டு வந்தால், அவரையின் வேர் முடிச்சும் அது மண்ணில் சேர்க்கும் நைட்ரஜனும் மறுநாள் வகுப்புக்குத் தானாக வந்து சேரும். நோயைத் தாங்கும் ஜி.பி.யு. 28 என்ற கேழ்வரகு ரகம் இதே பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஹெப்பால் பக்கத்தில் ஜி.கே.வி.கே. என்ற அதன் வளாகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு வந்த பெண், ஆராய்ச்சி என்றால் அது வேறு யாரோ செய்வது என்று இனி நினைக்க மாட்டாள்.

பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் அங்கே சொல்லித் தர வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவுகளைப் படிக்க. கிராமத்தில் வேலை செய்யும் பெண்களில் பெரும்பாலோர் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் பெண்கள் பொறுப்பில் நடக்கும் சாகுபடி நிலங்கள் எண்ணிக்கையில் சுமார் 14 சதவீதம்தான். தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்குக் குடும்பச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. நாடு முழுக்க அது 2005-இல் வந்தது. என் அம்மா நாற்பது வருடம் உழைத்த நிலத்தின் பட்டாவில் அம்மா பெயர் இல்லை. எனக்கும் அந்தச் சட்டம் இருப்பது கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

இது புதிதாக நான் கண்டுபிடித்த யோசனையும் இல்லை. 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைவேலை வழியாகப் படிப்பு என்பதுதான் அடிப்படை. தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம், தலித் பெண்களின் சங்கங்களோடு வேலை செய்த ஓர் அமைப்பு 'பச்சசாலை' என்ற பள்ளியை நடத்தியது. உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கென்றே விவசாயத்தை மையமாக வைத்து ஒரு கிராமப் பள்ளி தொடங்கப்பட்டது. ஓசூர் தாண்டி நம்மால் ஏன் முடியாது?

சில கட்டுப்பாடுகளை நானே எழுதித் தருகிறேன். பூச்சிமருந்துப் பக்கம் எந்தப் பிள்ளையும் போகக் கூடாது. வயல் வேலை ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கிடையாது. தேர்வு மாதத்தில் அதுவும் வேண்டாம். விளைச்சலுக்கு இலக்கு வைக்கக் கூடாது, வைத்தால் பள்ளி பண்ணையாகிவிடும். விற்ற பணம் பிள்ளைகள் பெயரில் வங்கிக் கணக்கில் போக வேண்டும். மாதவிடாய் நாளில் வரவில்லை என்றால் காரணம் கேட்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறை நீங்கள் அனுப்பும் ஆள் இவை ஒவ்வொன்றையும் பிள்ளைகளிடமே தனியாக உட்கார்ந்து விசாரிக்கட்டும்.

கடைசியாகப் பணம். ஒரு வருடத் திட்டம்தான் எங்களுக்கு வசதி என்று பலர் சொல்கிறீர்கள். ஒரு வருடம் கழித்துக் கைவிடப்படும் விடுதிக்குத் தன் பெண்ணை எந்தத் தாயும் அனுப்ப மாட்டாள். உங்கள் விதிகளை எடுத்துப் பாருங்கள். தொடர் திட்டம் என்றால், தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து இன்னும் மூன்று வருடம் நடத்தலாம் என்று இருக்கிறது. மொத்தம் நான்கு வருடம். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒரு பெண் படித்து முடிக்கத் தேவையான காலம் சட்டத்திலேயே இருக்கிறது. நிறுவனம் இயங்கும் இடத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அத்திப்பள்ளி தாண்டினால் வேறு மாநிலம் என்பார்கள். உங்கள் கட்டடத்துக்குச் செங்கல் சுமந்தவர்களும், கே.ஆர். மார்க்கெட்டில் நீங்கள் வாங்கும் ரோஜாவைப் பறித்தவர்களும் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தார்கள்.

ஜூனில் ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கை. அதற்கு முன் ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஊர் ஊராகப் போய், எட்டாம் வகுப்பு முடிக்கும் பெண்களின் அம்மா அப்பாக்களிடம் பேச வேண்டும். கையில் உறுதியான பதில் இல்லாமல் அந்த வாசல்களில் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. மார்ச் முடிவதற்குள் முடியும், முடியாது என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுங்கள். வந்து இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எந்தச் சனிக்கிழமையும் சரி, மடிவாளாவிலிருந்து காலை முதல் பஸ்ஸில் நானே கூட்டிப் போகிறேன்.

அன்புடன்,
தேன்கனிக்கோட்டைப் பக்கத்து அறிவியல் ஆசிரியை
பெங்களூரு