செயலாளர் ஆண்டறிக்கை: கான்ஃபரன்ஸ் கால்ல மிக்சிங் கன்ட்ரோல் யார் கையில?

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும் நம்ம டெலிபோனி ஆர்வலர் சங்கத்து உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். போன வருஷ அறிக்கை நீளம்னு நிறைய பேர் சொன்னீங்க, வரவு செலவை பொருளாளர் படிச்சிடுவார், உறுப்பினர் சேர்க்கை பத்தி தலைவரே பேசுறேன்னுட்டார், அதனால வருஷம் முழுக்க நாம சண்டை போட்டுக்கிட்ட ஒரே விஷயத்தை மட்டும் சொல்லி முடிச்சிடறேன்.

நம்ம மாசக் கூட்டத்துல பாதி பேர் ஹால்ல உக்காந்திருக்காங்க, மீதி பேர் போன்ல வர்றாங்க, அதுல மூத்த உறுப்பினர்கள் சாதா லேண்ட்லைன்ல இருந்துதான் கூப்பிடுறாங்க. யாரோ ஒருத்தர் வீட்டு குக்கர் விசில் அடிச்சா எல்லாரும் "மியூட் பண்ணுங்க, மியூட் பண்ணுங்க"ன்னு கத்துறோம், அந்தக் கத்தலும் மிக்ஸ்ல, அதாவது எல்லார் குரலும் கலந்து போற ஓடையில, சேர்ந்துடுது. அங்க ஆரம்பிச்சதுதான் யார் மியூட் பண்ணணும், எந்த வழியா பண்ணணும்ங்கற விவாதம்.

குரலைக் கலக்குறதுல பெரிய வித்தை எதுவும் இல்ல. போன் குரலை எண்ணா மாத்தற ஜி.711 முறையில செகண்டுக்கு 8000 சாம்பிள், அதாவது சத்தத்தை அளந்த எண், 20 மில்லிசெகண்ட் பாக்கெட்ல 160. எல்லார் சாம்பிளையும் ஒரு தடவை கூட்டி வச்சுக்கணும், ஒவ்வொருத்தருக்கும் அனுப்பும்போது அவரோட குரலை மட்டும் கழிச்சிடணும், கழிக்கலைன்னா தன் பேச்சே தனக்கு லேட்டா திரும்பி வந்து மனுஷன் திணறிடுவார். கூட்டின மொத்தம் 16 பிட்டைத் தாண்டாம பாத்துக்கணும், இல்லேன்னா சத்தம் உடையும். கல்யாண மண்டபத்துல மைக் செட்காரர் பண்றதுதான், ஆனா அவருக்கு "இவரைக் குறை, அவரை ஏத்து"ன்னு யார் சொல்றது, எப்படி சொல்றதுங்கறதுலதான் வழிகள் பிரியுது.

முதல் வழி ஒண்ணுமே சொல்லாம இருக்கறது. 2005-ல வந்த ஆர்எஃப்சி 4240 (ஆர்எஃப்சின்னா இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவண வரிசை) படி, இன்டர்நெட் வழியா கால் போடற எஸ்ஐபி முறை முகவரியோட முன்பக்கத்துல conf-ங்கற நாலு எழுத்து, ஒரு ஈக்வல்ஸ் குறி, ஒரு அடையாளம் போட்டு குரலைக் கலக்கற மீடியா சர்வரைக் கூப்பிட்டா போதும், ஒரே அடையாளத்தோட வர்றவங்க எல்லாம் ஒரே அறையில சேர்ந்துடுவாங்க. இதை டெமோ பண்ண அன்னிக்கு எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். அப்புறம் "சரி, இப்ப இவரை மட்டும் மியூட் பண்ணுங்க"ன்னு ஒரு உறுப்பினர் கேட்டார், அதுக்கு அந்த ஆவணத்துல வழியே கிடையாது, அவரோட லைனைக் கட் பண்ணலாம், அவ்ளோதான்.

அதனால மீடியா சர்வருக்கு கட்டளை சொல்ற எம்எஸ்சிஎம்எல், எம்எஸ்எம்எல் பக்கம் போனோம். ரெண்டுமே எக்ஸ்எம்எல்ங்கற எழுத்து வடிவத்துல எழுதற கட்டளைதான், கால் நடுவுல தகவல் அனுப்பற எஸ்ஐபி இன்ஃபோ மெசேஜுக்குள்ள வச்சு அனுப்பலாம். எம்எஸ்சிஎம்எல் 2007-ல ஆர்எஃப்சி 5022 ஆச்சு, எம்எஸ்எம்எல் 2010-ல 5707. எனக்கு எம்எஸ்சிஎம்எல் மேல கொஞ்சம் பாசம் உண்டு, மறைக்கல. ஏன்னா அதுல ஒவ்வொரு லைனுக்கும் முழுசா கேக்கணுமா, மியூட்டா, தன் டீமுக்கு மட்டும் கேக்கணுமான்னு தனித்தனியா வைக்கலாம். கால் சென்டர்ல வேலை பாத்த உறுப்பினர்களுக்கு இது உடனே புரிஞ்சுது, புது ஏஜென்ட் காதுல சூப்பர்வைசர் முணுமுணுக்கணும், கஸ்டமருக்கு கேக்கக்கூடாது. எம்எஸ்எம்எல்ல வேற வசதி, சத்தமா பேசற மூணு பேரை மட்டும் மிக்ஸ்ல விடுன்னு சொல்லலாம், இப்ப யார் பேசறாங்கன்னு திருப்பி தகவலும் வாங்கலாம். நம்ம குக்கர் விசில் அந்த மூணுல ஒண்ணா வந்துடும்னு தலைவர் சொன்னது வாஸ்தவம்தான்.

எக்ஸ்சேஞ்ச்ல இருந்து மீடியா கருவிகளை இயக்கற எச்.248 முறை பத்தி ஒரே ஒரு மாசக் கூட்டத்துலதான் பேசினோம். ஒரு கான்டெக்ஸ்ட்குள்ள, அதாவது ஒண்ணா இணைச்ச லைன்களுக்குள்ள, ரெண்டு முனைக்கு நடுவுல ஒருவழி, இருவழி, தனிமைன்னு நேரா வைக்கலாம், அழகான யோசனை. ஆனா அது பெரிய எக்ஸ்சேஞ்சுக்காரங்க சமாச்சாரம், நம்ம டேபிளுக்கு எதுக்கு.

மீடியாகன்ட்ரோல்ங்கற இன்னொரு முறை பத்திதான் அதிகமா சத்தம் வந்துச்சு. இன்ஃபோவுக்குள்ள கட்டளை திணிக்கிறது தப்பு, எஸ்ஐபியை வச்சு தனியா ஒரு டிசிபி சேனல் (டேட்டா போற இணைப்பு) திறந்து கட்டளையெல்லாம் அதுல போகட்டும்ங்கறதுதான் அந்த முறையை உருவாக்கினவங்க வாதம். 2011-ல ஆர்எஃப்சி 6230, மிக்சருக்கு மட்டும் 2012-ல 6505. படிச்சா சுத்தமா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா ஒருத்தரை மியூட் பண்ண இவ்வளவு பேப்பரான்னு கேட்டவங்களுக்கும் என்கிட்ட பதில் இல்ல. இதுக்கு கால் ஃப்ளோ உதாரணமெல்லாம் எழுதிக் கொடுத்தது இத்தாலி நேப்பிள்ஸ் ஆளுங்க, மீட்எக்கோ கம்பெனிக்காரங்க. பின்னாடி அவங்களே ஜேனஸ்னு ஒரு சர்வர் பண்ணப்ப ஜேசான்ங்கற சாதா எழுத்து வடிவ மெசேஜ்ல கன்ட்ரோலை வச்சாங்க, அதுல ஆடியோபிரிட்ஜ்ங்கற பிளகின் (சேர்த்துக்கற கூடுதல் பகுதி) குரலைக் கலக்கித் தரும், வீடியோரூம் பிளகின் கலக்காம அப்படியே அனுப்பும். நம்ம இளவட்டம் எல்லாம் இதைப் பாத்ததும் ஆர்எஃப்சி பக்கமே திரும்பல.

கலக்காம அனுப்பற எஸ்எஃப்யூ முறைதான் இப்ப எல்லா இடத்துலயும். சர்வர் குரலை டிகோட் பண்றதில்ல, வந்த பாக்கெட்டை அப்படியே பிரிச்சு அனுப்பிடுது, பாக்கெட் தலைப்புல ஒட்டியிருக்கற ஆடியோ லெவலைப் பாத்தே யார் பேசறாங்கன்னு தெரிஞ்சுக்கும், அதுக்கும் ஆர்எஃப்சி 6464 இருக்கு. கலக்கற வேலை அவங்கவங்க பிரவுசர்ல நடக்கறதால எனக்கு பிடிக்காத குரலை நானே குறைச்சுக்கலாம், யார்கிட்டயும் கேக்க வேண்டாம். நடுவுல இருக்கற சர்வருக்கே கேக்காதபடி குரலைப் பூட்டற எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷனும் இதுலதான் சாத்தியம், ஏன்னா கலக்கற சர்வர் எதுவா இருந்தாலும் குரலைத் திறந்தாகணும், அதுக்கு சாவி வேணும். இந்த இடத்துல பாதி சபை எஸ்எஃப்யூ பக்கம் சாஞ்சிடுச்சு.

ஆனா லேண்ட்லைன்ல வர்ற நம்ம மூத்தவங்களுக்கு ஒரு லைன்ல ஒரு குரல் ஓடைதான் போகும், பத்து ஓடையை அனுப்பினா அந்த போன் என்ன பண்ணும், அவங்களுக்காக எங்கயாவது ஒரு இடத்துல கலக்கித்தான் ஆகணும். எஸ்எஃப்யூ வச்சவங்களும் போன்ல கூப்பிடறவங்களுக்காக ஓரமா ஒரு கேட்வே (போன் லைனை இணைக்கற சர்வர்) வச்சு அதுல கலக்கறாங்க. இதை யாரும் விளம்பரத்துல சொல்றதில்ல. அதனால செயற்குழு முடிவு என்னன்னா, மாசக் கூட்டம் ஆஸ்டெரிஸ்க்ங்கற போன் சர்வர் மென்பொருளோட கான்ஃப்பிரிட்ஜ் வசதியிலயே தொடரும், அதுல இருந்த பழைய மீட்மீ வசதி மாதிரி டாடி டிரைவரோட டைமிங் அது இதுன்னு தொல்லை இல்ல, பேசாதவங்க லைன் இரைச்சலை மிக்ஸ்ல சேக்காம விடற செட்டிங்கும் இருக்கு. மியூட் அதிகாரம் கூட்டத்தை நடத்தறவருக்கு மட்டும், ஆஸ்டெரிஸ்க்கை வெளியில இருந்து இயக்கற மேனேஜர் இன்டர்ஃபேஸ் வழியா ஒரு சின்ன வெப் பக்கத்துல பட்டன். ஜேனஸ் லேப் டேபிள்ல இருக்கட்டும், இளவட்டம் நோண்டட்டும்.

மியூட் ஆனவங்க பேச ஆசைப்பட்டா கீபேட்ல என்ன அமுக்கறதுங்கறது இன்னும் முடிவாகல, ஸ்டாரும் ஒண்ணும்னு ஒரு கோஷ்டி, வெறும் ஒண்ணு போதும்னு இன்னொரு கோஷ்டி. அது இன்னிக்கு ஓட்டுக்கு வருது. அதோட சர்வர் யுபிஎஸ்ஸுக்கு புது பேட்டரி வாங்க பொதுக்குழு அனுமதி வேணும், கொட்டேஷன் பொருளாளர்கிட்ட இருக்கு.

இப்படிக்கு,
செயலாளர்