அக்கினிச்சட்டி எடுக்கும் முன் மதினிக்கு

மதினி,

பராசக்தி மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல் சாட்டியதும் காப்புக் கட்டி, இந்த வருஷம் அக்கினிச்சட்டி எடுக்கப்போகிறீர்கள் என்று அண்ணன் சொன்னார். மார்பகப் புற்று வந்து 5 வருஷம் தாண்டினால் எடுப்பதாக நேர்ந்ததுதானே, அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. சட்டியை இறக்கிய கையோடு, நோய் திரும்பாமலிருக்கப் போடும் டாமாக்சிஃபென் மாத்திரையையும் நிறுத்துவதாகச் சொன்னீர்களாம். "ஆத்தா காப்பாத்திட்டா. இன்னும் மாத்திரை போட்டா அவளை நம்பலைன்னு ஆயிடும்." அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போனில் பேசினால் நீங்கள் அழுவீர்கள், நான் கத்துவேன். ஊரறிய எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எழுதத்தான் போகிறேன், ஏனென்றால் இதே 5-வது வருஷத்தில் இதே முடிவை எடுக்கும் பெண்களை ஆய்வு வேலையில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பேரும் தெருவும் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் கண்டுபிடிப்பார்கள், பிடிக்கட்டும்.

அந்தப் படிவம் ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய 14 வாக்கியங்கள். கஷ்டகாலத்தில் ஒருவர் கடவுளை எப்படிப் பிடித்துக்கொள்கிறார், அல்லது கடவுளோடு எப்படி மல்லுக்கு நிற்கிறார் என்று அளப்பவை. 7 ஆறுதலானவை, 7 கசப்பானவை. ஒவ்வொன்றுக்கும் ‘இல்லவே இல்லை’ தொடங்கி நாலு கட்டம். தமிழ் புரிகிறதா என்று பார்க்கத்தான் உங்களிடம் கொடுத்தேன், உங்கள் விடை எந்தக் கணக்கிலும் சேரவில்லை. ஆறுதல் வாக்கியங்களை அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர் மாதிரி மளமளவென்று முடித்தீர்கள். ‘கடவுள் தண்டிக்கும்படி நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன்’ என்ற வாக்கியத்தில் பென்சில் நின்றது. ஒரு கட்டத்தில் புள்ளி வைத்தீர்கள். அதை விரலால் தேய்த்தீர்கள். ரப்பர் பக்கத்திலேயே இருந்தது, எடுக்கவில்லை. தேய்க்கத் தேய்க்கக் காகிதம் கறுத்ததே தவிர புள்ளி போகவில்லை.

அது எந்தக் கட்டம் என்று இங்கே எழுத மாட்டேன். அந்தக் கேள்வியை உங்கள் தலையில் ஏற்றிவிட்டவர்களும் இதைப் படிப்பார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து "போன ஜென்மத்துல என்ன பாவமோ" என்றவர்கள். ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது இதுதான்: சாமி கைவிட்டுவிட்டது, தண்டித்துவிட்டது என்ற நினைப்போடுதான் மனச்சோர்வு ஒட்டிக்கொண்டு வருகிறது. சாமி கும்பிடுவதோடு அல்ல. அதனால் "ஆத்தா காப்பாத்திட்டா" என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு நிம்மதிதான். அதைப் பிடுங்க எனக்கு என்ன உரிமை?

ஆனால் மார்பில் கட்டி என்று உங்களிடம் வந்து நின்றவளுக்கு 48 நாள் விளக்குப் போடச் சொன்னீர்களே, அதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நீங்கள் விளக்குப் போட்டுவிட்டா ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள்? அந்த வாரமே போனீர்கள். மேமோகிராம், ஸ்கேன், ஊசி போட்டு பயாப்சி என்று போய்த்தான் பிழைத்தீர்கள். அவளிடம் அதையும் சொல்லியிருக்கலாம், மதினி.

மாத்திரைக்கு வருகிறேன். உங்கள் ரிப்போர்ட்டை இங்கே பிரித்து வைக்கவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவான, அதாவது உடம்பின் ஹார்மோனால் வளரும் மார்பகப் புற்று 5 வருஷக் கோடு பார்த்து நிற்பதில்லை. 5 வருஷ ஹார்மோன் சிகிச்சையை நோய் திரும்பாமல் முடித்த 62,923 பெண்களின் விவரம் 2017-இல் வெளியானது. 2 செ.மீ.க்குள் கட்டி, அக்குள் நிணநீர்க் கணுவில் பரவல் இல்லை என்ற நிலையிலேயே 5-வது வருஷத்துக்கும் 20-வது வருஷத்துக்கும் நடுவே வேறு உறுப்பில் நோய் வரும் அபாயம் 13%. 2 செ.மீ.க்கு மேல், 1 முதல் 3 கணுவில் பரவல் என்றால் 26%. டாமாக்சிஃபெனை 5 வருஷத்தில் நிறுத்தியவர்களையும் 10 வருஷம் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்ட அட்லஸ் ஆய்வில், 5 முதல் 14-வது வருஷம் வரை மார்பகப் புற்றால் இறக்கும் அபாயம் நிறுத்தியவர்களுக்கு 15%, தொடர்ந்தவர்களுக்கு 12.2%. சும்மா கிடைக்கும் பலன் இல்லை. கருப்பை உள்சுவரில் புற்று வரும் அபாயம் 1.6 சதவீதத்திலிருந்து 3.1 ஆகிறது. மாதவிலக்கு நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும் என்பது அதனால்தான். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே போக வேண்டும், ரத்தக்கட்டாக இருக்கலாம்.

தொடர்வதா, லெட்ரோசோல் என்ற இன்னொரு ஹார்மோன் சிகிச்சை மாத்திரைக்கு மாறுவதா, நிறுத்துவதா என்று உங்கள் டாக்டர் கணுக்களின் எண்ணிக்கையையும் எலும்பின் பலத்தையும் பார்த்துச் சொல்லட்டும். சட்டி இறக்கும் தேதி அதைத் தீர்மானிக்கக் கூடாது. விரதத்துக்கும் இது தடையில்லை. 20 மி.கி., ஒரு வேளை, வெறும் வயிற்றிலும் போடலாம். கோயில் மஞ்சளும் குழம்பு மஞ்சளும் ஒன்றும் செய்யாது. மிளகுச்சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூலை மட்டும் விட்டுவிடுங்கள், அது ரத்தத்தில் டாமாக்சிஃபெனின் வேலை செய்யும் வடிவத்தைக் குறைப்பதாக 2019-இல் ஒரு சிறிய நெதர்லாந்து ஆய்வு காட்டியது.

இனி சட்டி. இதை எழுதத்தான் எனக்குப் பயம். சட்டி சுடவில்லை என்றால் அது ஆத்தாவின் அருள் என்பார்கள். உங்களுக்குச் சுடாமல் போகலாம், மதினி, ஆனால் பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து ஏறிய பிறகு உங்கள் விரல் நுனியில் கோலப்பொடி நிற்காமல் போனது, ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியாமல் போனது. அந்த மரமரப்பு சிலருக்கு வருஷக்கணக்கில் போவதில்லை. அக்குளில் கணுக்களை எடுக்கும்போது மேல்கையின் உள்பக்கத்துத் தொடுவுணர்வு நரம்பும் பல நேரம் அறுபடும். கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரியும். அதுவும் நிணநீர் சரியாக வடியாத இடது கையில். அங்கே ஒரு தீப்புண்ணில் கிருமி ஏறினால் கை சிவந்து, சுட்டு, காய்ச்சல் வந்து, அன்றைக்கே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டியிருக்கும். ஒருமுறை வீங்கிய கை முழுசாக வடியாமலே போகலாம். வேப்பிலையை அடியில் கொடுத்துப் பிடித்தாலும் சூடு சூடுதான்.

பால்குடம் எடுங்கள். ‘கனம் தூக்கவே கூடாது’ என்ற பழைய பேச்சு இப்போது இல்லை. கை வீக்கம் இருந்த பெண்களைப் படிப்படியாக எடை தூக்க வைத்துப் பார்த்த ஆய்வு 2009-இல் வந்தது, வீக்கம் அதனால் கூடவில்லை. ஆனால் திடீரென்று தூக்கக் கூடாது. இப்போதே சின்னக் குடத்தில் கொஞ்சம் தண்ணீரோடு தொடங்கி, வாராவாரம் கூட்டுங்கள். முழங்கைக்கு மேலும் கீழும் 10 செ.மீ. தள்ளி இரண்டு கையையும் டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள். வித்தியாசம் 2 செ.மீ.யைத் தொட்டால் பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். பாதத்திலும் உணர்ச்சி குறைவு, அதனால் தார் ரோடு சூடேறும் முன் விடிகாலையில் நடந்து முடியுங்கள். ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள்.

நேர்ந்தது நேர்ந்ததுதான், சட்டி போயே ஆக வேண்டும் என்றால் தம்பி எடுக்கட்டும், நீங்கள் பின்னால் பால்குடத்தோடு நடங்கள். வீட்டில் ஒருவர் நேர்ந்ததை இன்னொருவர் செலுத்துவது ஆத்தாவுக்குப் புதுசா என்ன? இதை அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் சண்டையில்தான் முடியும்.

உங்கள் நாத்தனார்