முன்வரிசை யாருக்கு?

ஆசிரியருக்கு,

வன்னிப் பகுதிக் கத்தோலிக்கப் பங்குகளின் (ஆலயச் சமூகங்களின்) திருவிழாக்களில் பிரமுகர்களுக்கு அளிக்கப்படும் வரவேற்புகள் பற்றித் தங்கள் நாளிதழில் கடந்த வாரம் வெளியான செய்தியை வாசித்தேன். பொன்மோதிரம் அணிந்து பகட்டாக உடுத்தி வருபவரை நல்ல இடத்தில் அமர்த்தி, ஏழையை ஓரமாக நிற்கச் சொல்வதை விவிலியத்தில் யாக்கோபு தம் திருமுகத்தின் 2ஆம் அதிகாரத்தில் வெளிப்படையாகவே கண்டித்திருக்க, நம் ஆலய முற்றங்களில் அதுவே ஒழுங்குமுறையாகி வருகிறது. எங்கள் பங்கில் சென்ற ஆண்டு, திருவிழாவுக்கு முந்திய மாலை வழிபாடான வேஸ்பர் ஆராதனை, அழைக்கப்பட்டிருந்த பிரமுகரின் வாகனம் வந்துசேரும்வரை தொடங்கப்படவில்லை. மணலில் விரித்த தரப்பாளில் செபமாலையுடன் முதியவர்கள் காத்திருக்க, வந்தவரோ மாலையைப் பெற்று, படமெடுத்துக்கொண்டு, நிறைவில் வரும் நற்கருணை ஆசீருக்கு முன்பே புறப்பட்டுவிட்டார். அவரைவிட, அவருக்காக வழிபாட்டை நிறுத்தி வைத்தவர்களே இதற்குப் பொறுப்பு.

ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்கு மன்னார் மாவட்டத்து மடுத் திருத்தலத்துக்கு வருவோர், வசதியுள்ளவரும் இல்லாதவரும், மரநிழலில் கொட்டில் போட்டு அருகருகே தங்கி, ஒரே மருதமடு அன்னை மரியாவின் திருச்சுருவத்தின் பின்னே பவனி செல்லும் மரபு நம்மிடமே இருக்கும்போது, கிராமத்து ஆலயங்களுக்கு இந்த முன்வரிசைக் கதிரைகள் எதற்கு? பக்தியோடு வரும் எந்தப் பிரமுகரும் பின்வரிசையில் இருக்கத் தயங்கமாட்டார் என்றே நம்புகிறேன். ஆகவே, கொடியேற்றத்துக்கு முன் கூடும் பங்குச் சபைகள், வழிபாட்டு நேரத்தில் பொன்னாடையும் வரவேற்புரையும் இல்லை என்று முடிவெடுத்து, கொடையாளர்களின் பெயர்களைப் பதாகையில் அச்சிடாமல் கணக்குப் புத்தகத்தில் மட்டும் பதிந்து, முன்வரிசையைப் போரில் அவயவம் இழந்தோருக்கும் முதியோருக்கும் ஒதுக்கவேண்டும்.

வாசகர் ஒருவர்,
முல்லைத்தீவு.