கட்டடம் பிறகு வரட்டும், முதலில் ஆளைப் பழக்குங்கள்

வட மாகாணத்தில் கலாசாரத்துக்கும் நூதனசாலைகளுக்கும் பொறுப்பாக இருப்பவர்களுக்கும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்பிப்பவர்களுக்கும் இந்த மடல்.

மதிப்புக்குரியவர்களே, வணக்கம்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் பின்னறையில் ஊரின் பழைய சாமான்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர் சிவப்புத் துணியில் சுற்றி ஒரு ஏட்டுக் கட்டைக் கொண்டுவந்து தந்தார். மாட்டு வாகடம். அவருடைய பாட்டனார் மாட்டுக்கு வைத்தியம் பார்த்தவர். இடப்பெயர்வு முழுவதும் அந்தக் கட்டை ஒரு பால்மா பேணிக்குள் வைத்துக் காவித் திரிந்திருக்கிறார்கள். ஈரம் பட்டு ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. எனக்கு அவசரம். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிற ஆசை. குசினிக் கத்தியின் நுனியால் மெல்ல நெம்பினேன். மூன்று ஏடுகள் முறிந்தன.

ஷெல்லுக்குத் தப்பிய ஏடு என் கத்திக்குத் தப்பவில்லை.

ஒட்டிய ஏட்டைப் பிரிப்பதற்கு முறை இருக்கிறது, கட்டுப்பாடான ஈரப்பதத்தில் வைத்து இளக விட்டு, நாள் கணக்கில் பொறுத்துத்தான் பிரிக்க வேண்டும் என்று பிறகுதான் அறிந்தேன். அதைச் சொல்லித்தர அன்றைக்கு எனக்கு எட்டின தூரத்தில் ஆள் இல்லை. இந்த மடலுக்குக் காரணமே அதுதான்.

வன்னியில் என்னைப்போல் பலர் இருக்கிறார்கள். கோயில் தர்மகர்த்தா, பாடசாலை அதிபர், கூத்து அண்ணாவியாரின் மகன், பிரதேச செயலகத்துக் கலாசார உத்தியோகத்தர் என்று ஆளுக்கு ஒரு அலுமாரி. அதற்குள் கோவலன் கூத்து உடுப்புகள், நெல் அளந்த கொத்து, மரைக்கால், குத்துவிளக்கு, பழைய காணி உறுதிகள். ஆசை எல்லாருக்கும் உண்டு, பழக்கம்தான் இல்லை. அதனால் நாங்கள் செய்கிற காரியங்களைப் பாருங்கள். வெண்கல விளக்கைப் புளி போட்டு மினுக்குகிறோம். நூற்றாண்டு கடந்த மேற்படிவும் போகும், அடியில் வெட்டியிருந்த உபயகாரர் பெயரும் தேயும். கிழிந்த உறுதிக்குச் செலோரேப் ஒட்டுகிறோம். மிஞ்சின படங்களை லமினேற் பண்ணுகிறோம். பிறப்புச் சான்றிதழை லமினேற் பண்ணிப் பழகின கை, படத்தையும் விடவில்லை. அந்தச் சூடும் பசையும் படத்தோடு ஒன்றாகிவிட்டால் பிறகு கழற்ற முடியாது.

இதற்கெல்லாம் வெளிநாட்டு அறிவு வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-இலேயே பாதுகாப்பு ஆய்வுகூடம் அமைத்து, செப்புத் திருமேனிகளில் பிடிக்கிற பச்சை நோயை மின்பகுப்பு முறையில் நீக்கிக் காட்டியவர் எஸ். பரமசிவன் என்ற தமிழர். வெண்கலத்தில் வெளிர்பச்சைத் தூளாகக் கிளம்புகிற அந்த நோய்க்குக் காரணம் உப்பு. முல்லைத்தீவிலும் மன்னாரிலும் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து வீட்டுக்குள் கொட்டுகிறது. எங்கள் விளக்கில் இருப்பது பழமையின் பச்சையா, நோயின் பச்சையா என்று பார்த்துச் சொல்ல மாவட்டத்துக்கு ஒருவராவது வேண்டாமா?

செயலமர்வு நடத்தவில்லையா என்று கேட்பீர்கள். ஒன்றுக்குப் போனேன். யார் நடத்தியது என்பது வேண்டாம். குளிரூட்டிய மண்டபம், இரண்டு நாள், திரையில் ஆங்கிலப் படங்கள், இடையிடையே தமிழில் விளக்கம், தேநீரும் றோல்சும், கடைசியில் சான்றிதழ். ஒரு பொருளைக்கூட யாரும் கையால் தொடவில்லை. பொருளை எப்படித் தூக்குவது என்று தொடாமலே படித்தது நாங்களாகத்தான் இருக்கும். சான்றிதழ் நல்ல தடித்த மட்டை. அதையும் லமினேற் பண்ணித் தந்தார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். புதிய நூதனசாலைக்கு அடிக்கல் நாட்டுமுன், இருக்கிற அலுமாரிகளைப் பார்க்கிறவர்களுக்குத் தமிழில், வன்னியில் வைத்து, எங்கள் அறைகளிலேயே பயிற்சி தாருங்கள். இரண்டு நாள் காணாது. கச்சான் காற்றின் புழுதியையும் ஐப்பசி, கார்த்திகை மழையின் பூஞ்சணத்தையும் பயிற்சி தருபவர் கண்ணால் பார்க்க வேண்டும். ஒருமுறை வந்து வேலை காட்டி, வீட்டுவேலை தந்து, இரண்டு மாதத்தால் திரும்பி வந்து திருத்த வேண்டும். ரோமில் இருக்கும், மரபுப் பொருள்களின் பாதுகாப்புக்கான சர்வதேச நிறுவனமான இக்ரோம், ரீ-ஓர்க் என்றொரு முறையை உருவாக்கியிருக்கிறது. காசு குறைந்த சிறிய நூதனசாலைகள் தங்கள் களஞ்சிய அறையைத் தாங்களே படிப்படியாக ஒழுங்குபடுத்துவதற்கான வழி. அதைத் தமிழாக்கி எங்கள் பின்னறைக்கு ஏற்றபடி மாற்றித் தந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சாமானுக்கும் பெரிய செலவில்லை. கழுவிய கோராத் துணி, பொலித்தீன் உறை, ஈரப்பதமானி, தடித்த யன்னல் சீலை. துணியிலும் ஓலைப்பெட்டியிலும் பூச்சி பிடித்தால் மருந்து அடிக்கத் தேவையில்லை. பொலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, பூச்சியத்துக்குக் கீழே 18 பாகைக் குளிரில் இரண்டு கிழமை வைத்தால் முட்டையும் சாகும். எடுத்த உடனே பிரிக்காமல், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பிரிக்க வேண்டும். எங்கள் ஊரில் அந்தக் குளிருக்கு ஐஸ்கிறீம் கடைப் பெட்டிதான் உண்டு. கடைக்காரரைக் கேட்டு வைத்திருக்கிறேன், யோசிக்கிறார்.

பொருளைக் காப்பதைவிட அதன் கதையைக் காப்பது கடினம். கனடாவின் பாதுகாப்பு நிறுவனம் பொருள்களைக் கெடுக்கிற காரணிகள் என்று பத்தைச் சொல்கிறது. நீர், நெருப்பு, பூச்சி, கள்ளர், வெளிச்சம் என்று போகிற அந்தப் பட்டியலில் பொருளும் அதன் விபரமும் பிரிந்துபோவதும் ஒன்று. இங்கே அது எப்படி நடக்கிறது தெரியுமா? எனக்கு உதவிக்கு வந்த மாணவன் ஒரு கவைத்தடியைப் பார்த்து, பதிவேட்டில் "கம்பு - 1" என்று எழுதிவிட்டான். பிழை சொல்ல முடியாது, கம்புதான். அறையைப் பார்க்க வந்த ஒரு ஆச்சி அதைக் கண்டதும், "உது வேலைகாரனெல்லோ" என்றார். சூடு மிதிக்கையில் வைக்கோலை உதறிப் புரட்டுகிற தடிக்கு நெற்களத்தில் வழங்கிய பெயர் அது. களத்துக்குள் நின்றால் வீட்டுப் பேச்சுப் பேசக்கூடாது, அதற்கென்று தனிச் சொற்கள் இருந்தன. அந்த ஆச்சி அன்று வராதிருந்தால் எங்கள் அறையில் அது விறகுதான். எண் இடுவது, எண்ணைப் பொருளில் கெடுதல் இல்லாமல் எழுதுவது, யார் தந்தது, எங்கே பாவித்தது, என்ன பெயர் என்று கேட்டு எழுதுவது. எங்களுக்கு முதலில் பழக்க வேண்டியது இதைத்தான்.

காட்சிப்படுத்துவதைப் பற்றியும் ஒரு சொல். ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, கற்சிலைமடுவில், ஆங்கிலேயரை எதிர்த்த வன்னித் தலைவன் பண்டார வன்னியனின் கல் இருக்கிறது. 1803 ஒக்டோபர் 31-இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் அவனை இவ்விடத்தில் தோற்கடித்தான் என்பது அந்தக் கல்லின் செய்தி. அதாவது கல் பேசுவது வென்றவனின் வாயால். அதே ஆண்டு ஓகஸ்டில் பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை அடித்து ஆங்கிலேயரைத் துரத்திய கதையைக் கல் சொல்லாது. நாங்களோ அந்தக் கல்லையே அவனுடைய நினைவாகக் கும்பிடுகிறோம். இதற்குப் பக்கத்தில் ஐம்பது, அறுபது சொற்களில், பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்குகிற மாதிரி ஒரு பலகை எழுதச் சொல்லுங்கள் பார்க்கலாம். கல்லின் வாசகத்தை மறைக்கவும் கூடாது, அதற்கு அடங்கிப்போகவும் கூடாது. நான் நாலு தரம் எழுதிக் கிழித்தேன்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் வீதியோரம் அமர்ந்தார்களே, அப்படி ஒரு தாய் தன் மகனின் படத்தை எங்கள் அறைக்குக் கொண்டுவந்தார். கையில் தந்துவிட்டு, "சேர், இது எனக்குத் திருப்பி வேணும்" என்றார். அது அன்பளிப்பும் அல்ல, காட்சிப் பொருளும் அல்ல. அவரிடம் இருக்கிற ஒரே படம். இரவல் வாங்குகிற படிவம் எப்படி இருக்க வேண்டும், பிரதி எடுத்துவிட்டு மூலத்தை உடனே கொடுப்பதா, பெயரை எழுதலாமா, யாரிடம் சம்மதம் கேட்பது என்று எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். சரியாகத்தான் செய்தேனா என்று இன்றைக்கும் நிச்சயமில்லை. போரைக் கண்ட மண்ணில் நூதனசாலைப் பயிற்சி என்றால் இந்தக் கேள்விகளுக்கு அரைநாளாவது ஒதுக்க வேண்டும். பொருள்கள் மட்டுமா எங்களிடம் வருகின்றன, தருகிறவர்களும் கூடவே வருகிறார்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாருக்குத் தனியாக ஒன்று. உங்கள் தொல்லியல் மாணவர்களை ஒரு பருவத்துக்கு இரண்டு இரண்டு பேராக இப்படியான அறைகளுக்கு அனுப்புங்கள். பூநகரியிலும் மாந்தையிலும் பழைய மட்பாண்ட ஓட்டுத்துண்டு பொறுக்கக் கற்கிற பிள்ளைகள், பொறுக்கியதை எண்ணிட்டு வைக்கவும் கற்கட்டும். சாப்பாடும் தங்குமிடமும் ஊர் பார்த்துக்கொள்ளும்.

ஐப்பசி மழைக்கு முன்னம் யாராவது வந்தால் நல்லது. கூரையில் இரண்டு ஓடு மாற்ற வேண்டும், அதை நாங்களே செய்வோம். முறிந்த மூன்று ஏடுகளின் துண்டுகளையும் ஒரு காகித உறைக்குள் தனியாக வைத்திருக்கிறேன், எதையும் எறியவில்லை. வருகிறவருக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன்.

இப்படிக்கு,
அறைத் திறப்பை வைத்திருக்கும் ஒரு பழைய ஆசிரியன்