சிகிச்சைக்குக் காப்பீடு இருக்கிறது, சாப்பாட்டுக்கு? வேலூர் ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வேலூர் மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றிக்கொண்டும் கரண்ட் எனப்படும் கதிர்வீச்சு வைத்துக்கொண்டும் நம் மாவட்டத்துக் கிராமங்களுக்குத் திரும்பும் பெரியவர்களின் சாப்பாடு பற்றி எழுதுகிறேன். வாய்ப் புற்றுநோயோடு போராடிய என் மாமாவைக் குடியாத்தத்தில் வைத்துப் பார்த்துக்கொண்ட குடும்பம் எங்களுடையது.

கழுத்திலும் வாயிலும் கதிர்வீச்சு கொடுத்தால் சில வாரங்களில் உள்வாய் வெந்து புண்ணாகும், எச்சில் வற்றும், நாக்கில் ருசி தெரியாது. சாம்பார் கொதிக்கும் வாசனையே குமட்டும். நம் வீடுகளில் உடனே கேழ்வரகுக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சிக் கொடுப்பார்கள். அன்போடு கொடுப்பதுதான், ஆனால் கணக்குப் போட்டால் வயிறு கலங்குகிறது. சிகிச்சையில் இருப்பவருக்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி தேவை. புரதம் ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை வேண்டும். 50 கிலோ ஆளுக்கு 1250 முதல் 1500 கலோரி, 50 முதல் 75 கிராம் புரதம். ஒரு வேளைக் கஞ்சிக்குப் போடும் 30 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 100 கலோரியும் 2 கிராம் புரதமும்தான் இருக்கின்றன. மூன்று வேளையும் அதைக் குடித்தாலும் அவர் பட்டினிதான் கிடக்கிறார்.

அதே கஞ்சியில் பால் ஊற்றி, வறுத்த வேர்க்கடலையை நைசாக அரைத்துக் கலந்து, ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டால் கதை மாறும். நன்கு வெந்த ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். விழுங்கவே முடியாதவருக்கு மூக்கு வழியாக டியூப் போடுவதைச் சாவின் அறிகுறியாக நினைத்துப் பயப்படுகிறார்கள். சிகிச்சை முடியும் வரை உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் வழி அது என்று பொறுமையாகச் சொல்ல ஆள் வேண்டும். சொல்ல ஆளில்லாத இடத்தில் பார்க்க வரும் உறவுக்காரர்கள் சொல்கிறார்கள்: முட்டை சூடு, கறி கட்டியை வளர்க்கும், பத்தியமாக இரு என்று. பட்டினி போட்டால் கட்டி கரைவதில்லை. சதைதான் கரைகிறது.

எடை இறங்கினால் மருந்தின் அளவைக் குறைக்கவோ அடுத்த சுற்றைத் தள்ளிப்போடவோ நேரிடுகிறது. முகம் மெலிந்து கதிர்வீச்சின்போது தலையை அசையாமல் பிடிக்கும் முகமூடி தளர்ந்துபோனால் அதையும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது. ஆறு மாதத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைவது அபாயம். 50 கிலோ ஆளுக்கு அது வெறும் இரண்டரை கிலோ. ரவிக்கை தொளதொளப்பதைப் பார்த்து வீட்டார் உணரும்போது பெரும்பாலும் அந்த அளவு தாண்டியிருக்கும்.

முதலமைச்சரின் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது, அதற்கு நாங்கள் நன்றியுள்ளவர்கள். ஆனால் பீடி சுற்றும், தோல் தொழிற்சாலைக்குப் போகும் வீட்டில் நோயாளியும் துணைக்குப் போகிறவரும் கூலியை இழந்தபின் பாலும் முட்டையும் எங்கிருந்து வரும்? காசநோயாளிக்கு இந்த வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. ஊட்டச்சத்துக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாயும் 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் தரப்படுகிறது. மிக மெலிந்த காசநோயாளிகளை ஆரம்பத்திலேயே இனம்கண்டு மருத்துவமனையில் சேர்க்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2022-ல் தொடங்கியது. எடை பார்த்து உயிர் காக்கும் அந்த முறையைப் புற்றுநோயாளிக்கும் நீட்டிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

மாதாந்திர உதவித்தொகைக்கு மாநில அரசின் ஆணை தேவை. அதற்கு நீங்கள் பரிந்துரை அனுப்ப வேண்டுகிறேன். அதுவரை வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்கள், அணைக்கட்டு மலைக் கிராமங்கள் உட்பட, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரின் எடையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து ஓர் அட்டையில் எழுதட்டும். இரண்டு கிலோ குறைந்ததுமே அரசு மருத்துவமனை உணவியல் நிபுணரிடம் அனுப்பட்டும். அட்டையின் பின்பக்கத்தில் நம் வீட்டுக் கேழ்வரகையும் வேர்க்கடலையையும் முட்டையையும் கொண்டே என்ன சமைக்கலாம் என்று அச்சிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து ஒரு நோயாளியின் குடும்பத்தார்